பழியெல்லாம் பனி மேல்

ஊசியில் நூல் கோக்க அன்றைக்கு எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு சரியாகச் சொல்ல முடிகிறது. கண் நன்றாகத் தெரிந்தது. நூல் முனையை எச்சில் தொட்டுத் திரித்து வைத்திருந்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் ஒன்றையொன்று தொடமாட்டேன் என்றன. யாரோ இரவோடு இரவாக விரலுக்குள் மணலைக் கொட்டித் தைத்துவிட்ட மாதிரி இருந்தது. வெளியே எதிர்வீட்டுத் தகரக் கூரை வெள்ளையாகப் பனி பிடித்துக் கிடந்தது. 2011 டிசம்பர், ஊட்டி.

"இந்த ஊர்க் குளிருக்கு அப்படித்தாம்மா இருக்கும். எனக்கெல்லாம் முட்டி வலிக்கலையா?" என்றார் மாமியார்.

"ஆமாங்க அத்தை" என்றேன். அந்த ஆமாமிலேயே இரண்டரை வருடம் போய்விட்டது.

நான் பிறந்து வளர்ந்தது திருப்பூர். பனியன் கம்பெனி வாசலில் தையல் பழகி, கல்யாணமாகி 2003இல் ஊட்டிக்கு வந்தேன். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். கீழே இருக்கிறவர்களுக்கு இது சுற்றுலா, எங்களுக்கு இது துணி காயாத ஊர். வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெஷின் போட்டு பிளவுஸ், சுடிதார், பள்ளிச் சீருடை என்று தைக்க ஆரம்பித்தேன். நவம்பர் பாதியில் உறைபனி தொடங்கினால் பிப்ரவரி வரை இருக்கும். தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் பக்கமெல்லாம் விடிகாலையில் புல் உப்புப் பூத்த மாதிரி நிற்கும். எங்கள் தொழிலில் பாருங்கள், கிறிஸ்துமஸ், படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை, பொங்கல், அதற்குப் பின்னாலேயே தை முகூர்த்தம் என்று எல்லா ஆர்டரும் இதே மாதங்களில்தான் வந்து விழும். கை ஓடாத காலத்தில்தான் கையை ஓட்டியாக வேண்டும்.

முதல் வருடம் விரல் மட்டும். மார்ச் வந்ததும் கொஞ்சம் குறைந்தது, பார்த்தாயா குளிர்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அடுத்த குளிரில் மணிக்கட்டும் சேர்ந்தது, கால் விரல்களின் அடிப்பக்கம் கூழாங்கல் மேல் நடப்பதுபோல் வலித்தது. நீலகிரித் தைலம் பாட்டில் பாட்டிலாகப் போயிற்று. இந்த ஊரில் அது தண்ணீர் மாதிரி கிடைக்கும். தேய்த்தால் தோல் சூடாகும், அந்தச் சூடு வலியைக் கொஞ்சம் மறக்கடிக்கும், தூக்கம் வரும். ஆனால் தைலம் தோலோடு நின்றுவிடுகிறது, நோய் இருந்தது அதற்கும் உள்ளே என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. தைலத்தைக் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் தலைமாட்டில் ஒரு பாட்டில் இருக்கிறது.

2013இல் ஒருவர் சொன்னார் என்று இன்னொருவர் சொல்லி, கீழ்நாட்டில் ஒரு வைத்தியரிடம் போனேன். ஊரும் பேரும் வேண்டாம். கறுப்புப் பொடியைச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து, தேனில் குழைத்துச் சாப்பிடு என்று கொடுத்தார். இரண்டே நாளில் வலி போன இடம் தெரியவில்லை. ஒரே வாரத்தில் பதினோரு பிளவுஸ் தைத்து, ஹெம்மிங்கும் நானே முடித்தேன். அந்த மனிதர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்றாவது மாதம் முகம் பூரி மாதிரி உப்பியது. "அக்கா, நல்லா சதை போட்டுட்டீங்க" என்று வாடிக்கையாளர்கள் பாராட்டினார்கள். பொடி தீர்ந்து ஒரு வாரம் வாங்கப் போக முடியாமல் போனது. அந்த வாரம் எழுந்து நிற்கவே முடியவில்லை, தலை சுற்றல், வாந்தி, வலியும் பழையதைவிட இரண்டு மடங்கு. கோயம்புத்தூர் டாக்டர் பிறகு கதையைக் கேட்டுவிட்டு, அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டார். அதைப் பரிசோதனைக்கு அனுப்ப என்னிடம் ஒரு பொட்டலம்கூட மிச்சமில்லை, ஆகையால் சந்தேகம் என்றே எழுதுகிறேன். ஸ்டீராய்டு என்றால் அது டாக்டர் அளந்து கொடுத்து, அளந்து குறைக்க வேண்டிய மருந்து, திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. இரண்டு நாளில் மூட்டு வலி மாயமாகப் போனால் சந்தோஷப்படாதீர்கள், என்ன சாப்பிடுகிறோம் என்று கேளுங்கள்.

குளிர்மேல் நான் போட்ட பழி 2014 மே மாதம் உடைந்தது. இங்கே மலர்க் கண்காட்சிக் கூட்டம், நான் அங்கே திருப்பூரில் அக்கா மகள் சீருக்குப் போயிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மின்விசிறியிலிருந்து வந்ததும் சுடுகாற்று. சீர்த் தட்டு ஒன்றைத் தூக்கினேன், மணிக்கட்டு மடங்கித் தட்டு கீழே விழுந்தது. ஆப்பிள் உருண்டு வாசல் வரை போயிற்று. வலது மணிக்கட்டு பன்னு மாதிரி வீங்கி, தொட்டால் சுட்டது.

அக்கா என்னைத் தனியே கூட்டிப்போய், "ஏண்டி, இங்க எங்கடி குளிரு?" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுவாரம் அவளே கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனாள். வாத நோய்க்கென்றே படித்த டாக்டர், ருமட்டாலஜிஸ்ட் என்கிறார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி இன்னும் நினைவிருக்கிறது.

"காலையில எழுந்ததும் விரல் பிடிச்சுக்குதுன்னு சொல்றீங்களே, அது எத்தனை மணிக்கு விடுது?"

"பத்து, பத்தரை ஆயிடும் சார்."

"தேய்மானமா இருந்தா பெரும்பாலும் அரை மணி நேரத்துல விட்டுடும்மா" என்றார். பிறகு என் இரண்டு கையையும் வாங்கி, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் அந்தக் கணுவரிசையைப் பக்கவாட்டில் லேசாக அமுக்கினார். உயிர் போய்விட்டது. இரண்டு கையிலும் ஒரே இடம், ஒரே மாதிரி. ரத்தத்தில் ருமட்டாய்டு ஃபாக்டர், ஆன்டி சிசிபி, ஈஎஸ்ஆர், சிஆர்பி என்று வாதத்தையும் உள்வீக்கத்தையும் காட்டுகிற பரிசோதனை எல்லாம் பார்த்தார்கள். முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வை எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. சவ்வு வீங்கி, விட்டுவைத்தால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கும். எக்ஸ்ரேயில் என் வலது கை நடுவிரல் கணுவில் எலி கடித்த மாதிரி ஒரு சின்ன அரிப்பு இருந்தது. அது இனி திரும்பாது. "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா இது இருந்திருக்காது" என்று அவர் திட்டாமல்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அப்படியானால் குளிருக்குச் சம்பந்தமே இல்லையா என்று கேட்டேன். நோயைக் குளிர் தருவதில்லை, இருக்கிற நோயைக் குளிர் கிள்ளிவிடுகிறது, அவ்வளவுதான் என்று விளக்கினார். குளிரில் தசை இறுகும், கைகால் நுனிக்கு ரத்தம் போவது குறையும், மூட்டுக்குள் இருக்கிற எண்ணெய் போன்ற திரவம் கெட்டிப்படும். நாமும் போர்வைக்குள் சுருண்டு கிடப்போம். அசையாத மூட்டு இன்னும் பிடிக்கும், பிடித்ததால் இன்னும் அசையமாட்டோம்.

அந்த வருடம் மாத்திரை ஆரம்பித்தது. நோயை அடக்க வாரம் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், அதன் பக்கவிளைவைக் குறைக்க வேறு நாளில் ஃபோலிக் ஆசிட், கூட நோயை அடக்க இன்னொன்று, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். அளவு எழுதமாட்டேன், என் அளவு உங்களுக்கு ஆகாது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை, பொடியில் இரண்டு நாளில் கிடைத்தது இதில் ஏன் இல்லை என்று அழுகையாக வந்தது. வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் விடாமல் சாப்பிட்டேன். எனக்கு ஒன்பதாவது வாரம் தெரிந்தது. ஒரு காலை ஏழரை மணிக்கு ஜாம் பாட்டில் மூடியைத் திறந்துவிட்டு, திறந்தது நான்தானா என்று பார்த்தேன்.

ஒரு கூத்தும் நடந்தது. மருந்துக் கடையில் அட்டையின் பின்னால் பேனாவால் 'தினமும் 1' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினம் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. டாக்டர் என் கையாலேயே 'ஞாயிறு மட்டும்' என்று சீட்டில் எழுத வைத்திருந்தார், அதனால் தப்பித்தேன். எழுத வைத்தபோது, இது என்ன பள்ளிக்கூடமா என்று மனதுக்குள் சிரித்தேன். இப்போது ஊட்டியில் யாருக்கு இந்த மாத்திரை எழுதினாலும் நானே போய்க் கிழமையைக் கேட்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, வருடம் ஒருமுறை கண் பரிசோதனை. இந்த மாத்திரைகள் எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் தணித்து வைப்பதால், குளிர்காலத்துக்கு முன் ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியும் போட்டுக்கொள்கிறேன்.

மாத்திரை நோயைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஜனவரி மாதம் காலை ஆறு மணியை மாத்திரை பார்த்துக்கொள்ளாது, அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்துக் குளிர்காலத்துக்கு மேல் ஆகிவிட்டது, நிறையத் தப்புச் செய்து கற்றுக்கொண்டவைதான் இனி சொல்வதெல்லாம்.

எங்கள் தாவரவியல் பூங்காவில் பனிக்காலம் வந்தால் நாற்றுகளை மிலார் என்கிற செடியின் கிளைகளால் மூடி வைப்பார்கள். மாலையிலேயே மூடுவார்கள். விடிந்து பனி விழுந்த பிறகு மூடி என்ன பயன், இலை ஏற்கெனவே கருகியிருக்கும். ஒருநாள் அந்த வழியாக நடந்து போகும்போது இதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு உறைத்தது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? காலையில் கை மரத்துப்போன பிறகு கையுறையைத் தேடினேன். குளிர்ந்த கையைக் கையுறைக்குள் விட்டால் கையுறை குளிரைத்தான் காப்பாற்றி வைக்கும். இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கே, கை சூடாக இருக்கும்போதே போட்டுவிடுகிறேன். கால் உறை அப்படியே, சாப்பிட உட்காரும் முன்பே.

கையுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இது என் தொழில். கடையில் விற்கிற முழுக் கையுறை போட்டுக்கொண்டு ஒரு வேலையும் செய்ய முடியாது, கழற்றிக் கழற்றிப் போடுவதிலேயே விரல் ஆறிவிடும். பழைய கம்பளி ஸ்வெட்டர் ஒன்று எடுங்கள். கையின் கீழ்ப்பகுதியை, அந்த ரிப் வைத்த பட்டையோடு சேர்த்து, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். ரிப் பட்டை விரல் கணு பக்கம் வர வேண்டும், வெட்டிய முனை முழங்கைப் பக்கம். பக்கவாட்டுத் தையலில் கட்டைவிரலுக்கு இரண்டு அங்குலம் பிரித்துவிட்டு ஓரத்தை மடித்து அடியுங்கள். தையல் மடிப்பு வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே இருந்தால் வீங்கிய கணுவில் அழுத்தி ராத்திரி முழுக்கக் குடையும். ரிப் தளர்ந்த பழைய ஸ்வெட்டர்தான் நல்லது, புதுசு இறுக்கிப் பிடித்து ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். விரல் நுனி வெளியே இருக்கும், மணிக்கட்டும் கணுவும் மூடியிருக்கும். மணிக்கட்டு சூடாக இருந்தால் விரல் பாதிச் சூடு தானாக வந்துவிடுகிறது. இதைப் போட்டுக்கொண்டே நான் ஹெம்மிங் செய்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்து, இப்போது தெருவில் பாதிப் பாட்டிகள் கையில் என் கையுறை இருக்கிறது.

விடிகாலை விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து மணிக்கு அலாரம், ஆனால் எழுந்திருப்பது ஐந்தரைக்கு. நடுவே அந்த அரை மணி நேரமும் ரஜாய்க்குள்தான். முதலில் கால் பாதத்தைச் சுற்றுவேன், பிறகு முட்டியை மடக்கி நீட்டுவேன், பிறகு கை. விரல்களை மெதுவாக மடக்கி முஷ்டி, மெதுவாகப் பிரிப்பு. கட்டைவிரலால் மற்ற நான்கின் நுனியையும் ஒவ்வொன்றாகத் தொடுவேன். சுண்டுவிரல் எட்டும் நாள் நல்ல நாள். இழுத்துப் பிடித்துச் செய்யக் கூடாது, வலித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். அன்றைக்குப் போடப்போகும் உடுப்பை முதல் நாள் இரவே போர்வைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்வேன், சில்லென்ற துணி தோலில் படும்போது வருகிற அந்த உதறல் ஒன்றே போதும் தோளைப் பிடிக்க வைக்க. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கட்டிலுக்குப் பக்கத்தில்.

எழுந்ததும் அடுப்படிக்கு முன் வாஷ்பேசின். ஒரு பாத்திரத்தில் பொறுக்கிற சூட்டில் வெந்நீர், அதற்குள் இரண்டு கையும். தண்ணீருக்குள்ளேயே ஒரு ஸ்பாஞ்சை அமுக்கி அமுக்கி விடுவேன். பத்து நிமிடம். எடுத்த உடனே துண்டால் ஒற்றித் துடைத்துக் கையுறை. ஈரம் விட்டீர்களானால் போன குளிர் வட்டியோடு திரும்பி வரும்.

ஒத்தடத்துக்கு என் அம்மா காலத்து வழிதான். கல் உப்பை வாணலியில் வறுத்து, பருத்தித் துணியில் மூட்டை கட்டி, முதலில் என் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தோளுக்கும் முட்டிக்கும். ரப்பர் வெந்நீர்ப் பையும் உண்டு. கொதிக்கக் கொதிக்க ஊற்றி, உறை போடாமல் முட்டியில் வைத்துத் தூங்கி, தோலில் கொப்புளம் வாங்கிய அனுபவமும் உண்டு. துண்டில் சுற்றித்தான் வைக்க வேண்டும், தூங்கும் முன் எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, மூட்டு சிவந்து, சுட்டு, பன்னு மாதிரி வீங்கியிருக்கும் நாளில் எனக்கு வெந்நீர் ஒத்துவராது, வலி கூடுகிறது. அன்றைக்கு ஓய்வுதான், இரண்டு நாளில் இறங்காவிட்டால் டாக்டருக்கு ஃபோன்.

கரி அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். இங்கே குளிர் காய எல்லோரும் கணப்பு மூட்டுவோம், வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதே அதைச் சுற்றித்தான். ஒரு ஜனவரி ராத்திரி வலி தாங்காமல் கனன்ற கரிச் சட்டியை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திவிட்டேன். வீட்டுக்காரர் அன்று இரவு வேலை முடிந்து வந்து கதவைத் தட்டியபோது எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை, தலை இடித்தது, குமட்டியது. வாசனை கிடையாது, புகையும் கிடையாது, கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு அப்படித்தான். மூடிய அறையில், கூடாரத்தில் கரி வைத்துத் தூங்கி எழாமலே போனவர்கள் செய்தியை இந்த மலையில் நாங்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். கரி என்றால் வெளியே, அவ்வளவுதான்.

இனி ஒரு விசித்திரம். பனி விழுகிற ஜனவரியைவிட, தூறலும் மூடுபனியுமாக இருக்கிற நவம்பர்தான் எனக்கு மோசம். இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். உறைபனி விழ வானம் தெளிவாக இருக்க வேண்டும். அப்படி விழுந்த நாளில் ஒன்பது மணிக்கெல்லாம் பளிச்சென்று வெயில் வந்துவிடும், பகலில் இருபது டிகிரிகூடத் தொடும், நான் திண்ணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவேன். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் நான்கைந்து நாள் சூரியனே கிடையாது, சுவர் வியர்க்கும், மெத்தை ஈரமாக இருக்கும், விரலும் அதற்கேற்ற மாதிரி. இது என் கற்பனை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மகள்தான் ஃபோனில் தேடிப் படித்துச் சொன்னாள். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் நீண்டநாள் வலி உள்ள 2,658 பேரைத் தினம் தினம் வலியைக் குறிக்கச் சொல்லி, அவரவர் ஊர் வானிலையோடு ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டதாம். ஈரப்பதம் கூடி, காற்றழுத்தம் இறங்கி, காற்று பலமாக அடிக்கும் நாட்களில் வலி கூடும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம், சாதாரண நாளைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். வெறும் குளிருக்கு அவ்வளவு தொடர்பு இல்லை. எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது, சம்பந்தமே இல்லை என்ற ஆராய்ச்சிகளும் உண்டு. ஆகவே ஒரு பழைய காலண்டரை மாட்டி, தினம் காலை விரல் எத்தனை மணிக்கு விட்டது என்று நேரம் மட்டும் குறித்து வைக்கிறேன். டாக்டரிடம் "ரொம்ப வலிக்குது சார்" என்று சொல்வதைவிட அந்தக் காலண்டரைக் காட்டுவது நல்லது. ஒருமுறை ஏழரையாக இருந்தது மெல்ல மெல்லப் பத்தாகிக்கொண்டே போனதை அதில் பார்த்துத்தான் மருந்தை மாற்றினார். அது மார்ச் மாதம், வெயில் காலம்.

தொழிலில் மாற்றியவை சில. மிதி மெஷினுக்கு மோட்டார் வைத்தேன், கால் விரல்கள் பிழைத்தன. பெரிய கத்தரிக்கோலைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, தானாகத் திறந்துகொள்ளும் ஸ்பிரிங் வைத்தது வாங்கினேன். காஜா, பட்டன் வேலையை வெளியே கொடுத்துவிட்டேன், ஒரு பிளவுஸுக்கு இவ்வளவு என்று. முதலில் கௌரவக் குறைச்சலாக இருந்தது. பிறகு கணக்குப் போட்டால், அந்த நேரத்தில் நான் கூட இரண்டு பிளவுஸ் வெட்டலாம். துணி வெட்டுவதைக் காலையில் வைத்துக்கொள்வதில்லை, பத்து மணிக்கு மேல்தான் கத்தரிக்கோலைத் தொடுகிறேன். காலையில் அளவு எழுதுவது, ஃபோன் பேசுவது, துணி பிரித்து வைப்பது மாதிரி வேலைகள். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து வீட்டுக்குள்ளேயே ஒரு நடை. ஒரே நிலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அன்றைக்குச் சாயங்காலம் தெரியும்.

வீட்டிலும் அப்படித்தான். துணியை முறுக்கிப் பிழிவதில்லை, குழாயில் தொங்கவிட்டு வடிய விடுகிறேன். காய்கறிப் பையை விரலில் மாட்டாமல் முழங்கையில். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு கம்பியை விரலால் இறுக்கிப் பிடித்தால் மேட்டுப்பாளையம் போய் இறங்கும்போது கை பிரியாது. முன்கையைக் கம்பியில் சுற்றிக்கொள்வேன், பார்ப்பவர்கள் நினைப்பதை நினைத்துக்கொள்ளட்டும். எனக்கென்று தைக்கும் பிளவுஸ் எல்லாவற்றுக்கும் முன்பக்க ஊக்குதான். பின்பக்க ஊக்கு போட ஒருகாலத்தில் மகளை எழுப்ப வேண்டியிருந்தது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது, தூக்கக் கலக்கத்தில் ஒன்று தள்ளி ஒன்று மாட்டிவிட்டு "அம்மா, உனக்கு முதுகு கோணல்" என்பாள்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். திருப்பூரிலிருந்து அக்கா முடக்கத்தான் கீரை கொடுத்தனுப்புவாள், தோசை மாவில் அரைத்து ஊற்றுவேன். முடக்கு அறுத்தான் என்று பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். வாய்க்கு நன்றாக இருக்கிறது, அக்காவின் பிரியமும் அதில் இருக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை ஒருமுறை விட்டுப் பார்த்தேன், இரண்டு மாதம். காலண்டரில் எழுதும் நேரம் பதினொன்றைத் தொட்டது. அதற்குப் பிறகு கீரை தட்டில், மாத்திரை டப்பாவில், இரண்டையும் மோத விடுவதில்லை. வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுவதையும் விட்டேன். வயிறும் சிறுநீரகமும் இன்னும் நிறைய வருடம் வேண்டும்.

மாமியார் போன வருடம், என் விரலைப் பார்த்துப் பார்த்து, தன் முட்டியையும் காட்ட வேண்டும் என்று அவராகவே கேட்டார். அவருக்குத் தேய்மானம்தான். எடை குறைக்கவும், உட்கார்ந்தபடி காலை நீட்டித் தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யவும் சொன்னார்கள். அதைச் செய்கிறார், எடையைப் பற்றிப் பேசினால் மட்டும் காது கேட்பதில்லை. வர்க்கி இல்லாமல் டீ இறங்காது அவருக்கு.

ஊசிக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். ராத்திரி எட்டு மணி எனக்கு நல்ல நேரம், விரல் அப்போதுதான் முழுசாக என் பேச்சைக் கேட்கும். அந்த நேரத்தில் மகள் மறுநாளைக்கு வேண்டிய நிறங்களில் இருபது ஊசிகளுக்கு நூல் கோத்து ஒரு ஸ்பாஞ்சில் வரிசையாகக் குத்தி வைத்துவிடுவாள். காலையில் எனக்கு எடுத்துத் தைக்கிற வேலை மட்டும். இப்போது அவள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். நேற்று ராத்திரி கையை வெந்நீரில் வைத்து எடுத்துவிட்டு நானே உட்கார்ந்தேன். மெரூன் எட்டு, பச்சை ஆறு, வெள்ளை ஆறு. இருபதும் கோத்தாயிற்று, ஆனால் ஸ்பாஞ்சில் எண்ணினால் பதினெட்டுதான் இருக்கிறது. மாமியாரை முன்னறைக்குள் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். காந்தம் ஒன்று வீட்டில் எங்கேயோ இருக்கிறது, தேட வேண்டும்.